டல்சிமருக்குள் ஒரு பெரியகுளத்துக்காரி

என் கையெழுத்தைப் பார்ப்பதற்காக நான் லண்டன் போனேன். எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார்கள். எழுபத்து மூன்று வயதில் லண்டன் போகிறவள் பேரக் குழந்தையைப் பார்க்கப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இருபத்து மூன்று வயதில் ஒரு மரப்பெட்டிக்குள் பென்சிலால் நான் எழுதிய வரி ஒன்று ஹரோ என்ற இடத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. போகாமல் எப்படி இருப்பது?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் கணவருக்கு அமெரிக்காவில் வட கரோலினா மலைப்பக்கம் வனவியல் படிக்க இடம் கிடைத்தது. இரண்டரை வருடம் அங்கே இருந்தோம். அவர் மரங்களைப் பற்றிப் படித்தார், நான் மரத்தை அறுத்தேன். ஊர்க்கோடியில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் வெண்டல் என்பவர் டல்சிமர் செய்து விற்றார். பட்டறையில் மூன்றே பேர்: வெண்டல், அவர் மனைவி லோரேன், நான். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் 'ஆங்கி' என்று கூப்பிட்டார்கள்.

டல்சிமர் அந்த மலைக்காரர்களின் வாத்தியம். இடை சிறுத்த நீளமான பெட்டி. அதன் நடுவில் வீணைத் தண்டி போல ஒரு கட்டை, கட்டையில் குறுக்குக் கம்பிகளாக மெட்டுகள், மேலே மூன்று தந்தி. மடியில் படுக்க வைத்து, இடது கையால் ஒரு குச்சியை மெட்டுகளின் மேல் ஓட்டிக்கொண்டே வலது கையால் மீட்டுவார்கள். முதலில் எனக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை. பிறகு மெட்டு பதிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூட நாளில் வீணை படித்த காது என்னுடையது, மெட்டு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் எனக்குப் பல் கூசும். ஆறாவது மாதம் முழு வாத்தியமும் நானே செய்ய ஆரம்பித்தேன். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் வெண்டல் பெயர்தான் இருக்கும். 'ஒவ்வொன்றும் என் ஒருவன் கையால் செய்தது' என்று அச்சடித்திருப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மேல் பலகையை ஒட்டுவதற்கு முன்னால் அதன் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தமிழில் என் பெயரை எழுதிவிடுவேன்.

அப்படி எழுதியதில் ஒன்று ஐம்பது வருடம் கழித்து ஹிலரி என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஹிலரி தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, தன் பல் டாக்டரிடம் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். கண்ணாடியில் ஏதோ எழுத்து தெரிந்திருக்கிறது. படம் எடுத்து அந்த டாக்டரிடமே காட்டியிருக்கிறார். டாக்டர் சுகிர்தா யாழ்ப்பாணத்துப் பெண். படத்தை இடவலம் திருப்பிப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். 'அங்கயற்கண்ணி, பெரியகுளம்.'

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவர் அதைப் போட்டார். இரண்டாம் நாள் அது இல்ஃபோர்டில் இருக்கும் என் தங்கை மகள் மீனாவின் போனுக்கு வந்துவிட்டது.

மீனா வீட்டில் போய் இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"பெரியம்மா, இதெல்லாம் நீங்க எங்ககிட்ட சொன்னதே இல்லையே?"

"மரக்கடையில உதவிக்கு இருந்தேன்னு சொல்லியிருக்கேனே."

"உதவிக்கா?"

"அப்படித்தான் சொல்லி வச்சேன். அமெரிக்கா போயி தச்சு வேலை பாத்தாளான்னு உங்க பெரியப்பா வீட்டுல கேப்பாங்க. பெறகு அதுவே பழகிப்போச்சு."

மீனா எனக்கு இன்னொரு தோசை வார்த்தாள். இல்ஃபோர்டில் நல்ல மாவு கிடைக்கிறது. சாம்பாருக்கு முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, ஆனால் கட்டை விரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி உறைய வைத்து விற்கிறார்கள்.

மறுநாள் மீனாவுக்கு ஆபீஸ். நான் தனியாகப் போவேன் என்று சொல்லிவிட்டேன். மாற வேண்டிய ரயிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இறங்க வேண்டிய இடத்தின் பெயர் 'மலை மேல் ஹரோ' என்று அர்த்தப்பட்டது. அதுதான் வினை. பெரியகுளத்தில் பிறந்தவளுக்கு மலை என்றால் கொடைக்கானல் மலை, காலையில் கதவைத் திறந்தால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜன்னலில் மலை வரட்டும், எழுந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. சந்தேகப்பட்டு இறங்கினால் பலகையில் வேறு ஹரோ.

நான் 'ஐயையோ' என்றது அங்கே ஆரஞ்சுச் சட்டை போட்டு நின்ற ரயில்வே ஊழியர் காதில் விழுந்துவிட்டது.

"அம்மா தமிழோ? எங்க போகோணும்?"

"ஹரோவுக்குங்க."

"இதுவும் ஹரோதான். இது வெஸ்ட். நோர்த் இருக்கு, சவுத் இருக்கு. உங்களுக்கு எந்த ஹரோ?"

"மலை மேல இருக்கிறது."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அது ஒரு மேடு அம்மா. எதிர்ப்பக்கம் போய் ஏறுங்கோ, முதல் ஸ்டேஷன். மலையைத் தேடாதேங்கோ, பலகையைப் பாத்து இறங்குங்கோ."

ஹிலரி ஸ்டேஷன் வாசலிலேயே காத்திருந்தார். நான் ஆங்கிலம் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் ஆங்கிலம் பேசப் பழகியது வெண்டல் பட்டறையில். கரோலினா மலை இழுவை இன்னும் என் நாக்கில் இருக்கிறது. சேலையும் குங்குமமுமாக ஒரு பெரியகுளத்துக்காரி அமெரிக்க மலை விவசாயி மாதிரிப் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "நீங்கள் பேசியதே எனக்குப் பாதி சாட்சி" என்றார்.

மீதிப் பாதிக்குச் சாட்சி கேட்க அவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெரால்ட். பழைய டல்சிமர்களைத் தேடிப் பிடித்து, எந்தப் பட்டறையில் யார் செய்தது என்று பதிவு செய்து வைப்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவு நாடா இருக்கும். அமெரிக்க மலைகளில் எத்தனையோ பட்டறைகளுக்கு நேரில் போயிருக்கிறார். கோழிக் கொட்டகையில் நடந்த பட்டறை, ஓடாத பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் நடந்த பட்டறை, மாதா கோயிலின் பின்கட்டில் பாதிரியாரே நடத்தியது என்று வரிசையாகச் சொன்னார். வரும் சனிக்கிழமை தெற்கு லண்டனில் டல்சிமர்காரர்களின் கூட்டம் ஒன்று நடக்கவிருந்தது. அங்கே பழைய வாத்தியங்களைக் காட்சிக்கு வைக்கிற பொறுப்பு அவருடையது. ஹிலரியின் டல்சிமருக்கும் பெயர் அட்டை தயார். 'செய்தவர்: வெண்டல். அனைத்து வேலையும் ஒரே கையால்.'

ஹிலரி வாத்தியத்தை என் மடியில் வைத்தார். எல்லோரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. நான் கட்டை விரல் நகத்தால் மெட்டுகளைத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது மெட்டு தேய்ந்திருந்தது. தந்தியை முறுக்கும் பிருடை ஒன்றை யாரோ மாற்றியிருந்தார்கள், மோசமான வேலை. ஆனால் வெந்நீரில் ஊறவைத்துச் சூட்டுக் குழாயில் வளைத்த அந்த வால்நட் மரப் பக்கப் பலகை இடுப்பு வளைவில் ஒரு நூல்கூட விலகவில்லை. ஐம்பது வருடம்! எத்தனை வீடு, எத்தனை குளிர், எத்தனை கப்பல் பயணம் பார்த்திருக்கும் அது.

"என் வேலைதான்" என்றேன்.

ஹிலரி வாங்கி வாசித்தார். குச்சியை அடியிலிருந்து ஏழாவது மெட்டு வரை ஓட்டினால் அப்படியே ஹரிகாம்போஜி ராகம் வரும். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே அதைக் கண்டுபிடித்து வெண்டலிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு உப்புத்தாளை என் கையில் கொடுத்தார்.

ஜெரால்ட் தொண்டையைச் செருமினார். "அம்மா, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே தெரிவது ஒரு பெயரும் ஒரு ஊரும்தான். அது வாங்கியவரின் பெயராகவும் இருக்கலாம் அல்லவா? இன்னாருக்காகச் செய்தது என்று எழுதுகிற வழக்கம் உண்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர்களை எனக்குப் பிடிக்கும். பட்டறையில் நானும் அப்படித்தான்.

"பெயரோடு நிற்காது, இன்னும் கீழே இரண்டு வரி இருக்கும். உங்கள் கண்ணாடி அதுவரை எட்டவில்லை. அதில் என்ன இருக்கும் என்று இப்போதே எழுதித் தருகிறேன். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். தமிழில் எழுதினேன். அடியில் ஆங்கிலத்தில், 'இந்த வாத்தியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நான் ஒருத்தியே செய்தேன்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. ரோஷத்தில் எழுதியது.

வியாழக்கிழமை மத்தியானம் சுகிர்தா நோயாளிகள் யாரையும் வரச் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் போனபோது, பல் பிடுங்கும் நாற்காலியைப் படுக்க வைத்து அதன்மேல் சுத்தமான துண்டு விரித்திருந்தார். அதில் டல்சிமரைக் கிடத்தினோம். பேனா அளவில் ஒரு கேமரா வைத்திருந்தார், கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கு.

"வாயைத் திறவுங்கோ எண்டு சொல்லத் தேவையில்லாத முதல் ஆள் இவதான் அன்ரி" என்றார்.

டல்சிமரின் மேல் பலகையில் நான்கு ஒலித்துளைகள், இதய வடிவத்தில் வெட்டியவை. மேலே இரண்டு, கீழே இரண்டு. சுகிர்தா கேமராவை மேல் இதயத்தின் வழியாக உள்ளே விட்டார். திரையில் முதலில் மரத்தூள், பிறகு பசை வழிந்து காய்ந்த கோடு, பிறகு என் பெயர். அந்த 'ங்' என்னுடையதுதான், வயிறு பெருத்த 'ங்'. சுகிர்தா கேமராவை மெல்லக் கீழே நகர்த்தினார். இரண்டு வரிகள் தெரிந்தன. வாய்விட்டுப் படித்தார்.

"'இதை நான் செய்தேன். இன்று பனி, ரசத்துக்குப் புளி இல்லை.'"

படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவைப் பிடித்த கை ஆடியது. ஜெரால்ட் மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். ஒரு புள்ளி மாறாமல் அதே இரண்டு வரிகள். சுகிர்தா அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். ஜெரால்ட் புளி என்றால் என்ன, ரசம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எவ்வளவு உயரம் கூடியது என்று அந்த அளவு நாடாவை வைத்து அளந்திருக்கலாம்.

"அன்ரி, பொறுங்கோ. கீழ இங்கிலீஷில என்னவோ கிடக்கு" என்றார் சுகிர்தா.

கீழ் இரண்டு இதயங்களுக்கு நடுவே, சாய்வான பென்சில் எழுத்து. ஹிலரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். 'கீழ் இதயங்கள் இரண்டையும் வெட்டி, பெட்டியை மூடியது லோரேன். ஆங்கியின் விரலில் நான்கு தையல். வெண்டலிடம் சொல்ல வேண்டாம்.'

நான் என் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. காய் நறுக்கும்போது பட்டது என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். இப்போது எல்லாம் வந்துவிட்டது. நூல் போல மெல்லிய ரம்பத்தால் மூன்றாவது இதயத்தை ஆரம்பித்தேன், ரம்பம் வழுக்கி விரலில் இறங்கியது. வெண்டல் ஊரில் இல்லை. லோரேன் என் விரலில் துணியைச் சுற்றித் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓட்டினாள். ஒரு வாரம் கழித்து நான் திரும்பி வந்தபோது வாத்தியம் மூடி, தந்தி கட்டி, மேசையில் இருந்தது. நான் அதை என்னுடையது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜெரால்ட் பெருந்தன்மையாகச் சொன்னார்: "இது சின்ன விஷயம் அம்மா. முக்கால் வேலைக்கு மேல் உங்களுடையது. அட்டையில் உங்கள் பெயரையே போட்டுவிடுகிறேன்."

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், என் பெயர் மட்டும் தனியாக அந்த அட்டையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன், இனித்தது. பிறகு அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். 'நான் ஒருத்தியே செய்தேன்.' வெண்டல் லேபிளில் எந்த வரியைப் பார்த்து இத்தனை வருடம் மனசுக்குள் பொருமினேனோ, அதே வரியை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"இரண்டு பேர் பெயரையும் போடுங்கள். லோரேன் பெயர் விட்டுப்போகக் கூடாது" என்றேன். அந்தத் தாளை வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜெரால்ட் நாடாவை எடுத்து நான்கு இதயங்களையும் அளந்தார். கீழே இருந்தவை மயிரிழை ஒடுக்கம், முனையும் கூர்மை. என்னுடையவற்றைவிட லோரேனின் இதயங்கள்தான் அழகு. சொல்லத்தானே வேண்டும்.

லோரேன் இருக்கிறாளா என்று அவரிடம் கேட்டேன். வெண்டல் காலமாகி வெகு நாளாயிற்று, மனைவியைப் பற்றித் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை சுகிர்தா எங்களை டூட்டிங்கில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். இடியப்பம், தேங்காய்ப்பாலில் வைத்த சொதி, காரமான தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. நம் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது போலக் கொடுப்பார்கள். இங்கே அதே இடியப்பம் உறைப்பைக் கட்டிக்கொண்டு ஆள் மாறி நிற்கிறது. ஹிலரி கையாலேயே பிசைந்து சாப்பிட்டார், மூக்கில் தண்ணீர் வழிய வழிய. பரிமாறிய பெண், "அன்ரி, உங்கட சிநேகிதிக்குச் சம்பல் ஏலாது போல. கொஞ்சம் சீனி தரட்டோ?" என்று என்னிடம் கேட்டாள். ஹிலரிக்கு அது புரியவில்லை, ஆனால் சம்பல் கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் சுகிர்தா என்னை அறிமுகப்படுத்தினார். "இவதான் அந்தப் பெட்டிக்குள்ள தமிழில எழுதின அன்ரி."

"ஓம், ஓம், எனக்கும் வாட்ஸ்அப்பில வந்தது!" என்று அவர் உள்ளே ஓடிப்போய், எனக்கு ஒரு தட்டில் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

சனிக்கிழமைக் கூட்டம் அந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாதா கோயில் கூடத்தில் நடந்தது. மடியில் டல்சிமரோடு நாற்பது ஐம்பது பேர். வாசலில் இருந்த அம்மாள் வருகிறவர்களுக்கு நெஞ்சில் குத்த வண்ண வில்லை கொடுத்தார். வாசிப்பவருக்குப் பச்சை, கேட்க வந்தவருக்கு மஞ்சள். என் சேலையைப் பார்த்து மஞ்சளை நீட்டினார். ஹிலரி அதை வாங்கித் திருப்பி மேசையில் வைத்து, "சிவப்பு" என்றார். செய்பவர்களுக்கு உரியது அது. அந்த அம்மாள் பெட்டியைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். சேலை மடிப்பில் குத்திக்கொண்டேன்.

காட்சி மேசையில் ஜெரால்டின் புது அட்டை இருந்தது. 'வெண்டல் பட்டறை. செய்தவர்கள்: அங்கயற்கண்ணி, லோரேன்.' என் பெயரைத் தமிழிலும் போட்டிருந்தார், சுகிர்தாவிடம் கேட்டு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பக்கப் பலகையை எப்படி வளைத்தோம் என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் குரல் கட்டிவிட்டது. மூன்று பேர் தங்கள் வாத்தியத்துக்குள்ளும் பார்க்க முடியுமா என்று சுகிர்தாவிடம் வந்து கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இல்ஃபோர்டில் மீனா காபி போட்டுக்கொண்டிருந்தபோது ஜெரால்ட் கூப்பிட்டார். ஒரு எண்ணைக் கொடுத்தார். அமெரிக்காவில் அப்போது காலை நேரம். மீனாதான் எண்களை அழுத்தினாள்.

"யாரது?" என்றது ஒரு முதிய குரல், அதே மலை இழுவை.

"லோரேன், நான் ஆங்கி."

எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், "விரல் மடங்குகிறதா?"

"மடங்குகிறது. நீ எழுதியதைப் பார்த்தேன்."

"பார்த்துவிட்டாயா!" அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எண்பத்தாறு வயது. மகள் வீட்டில் இருக்கிறாளாம். "அன்றைக்குப் பலகையைத் திருப்பினேன், உன் எழுத்து இருந்தது. என்ன எழுதியிருக்கிறாய் என்று புரியவில்லை. ஆனால் எதற்கு எழுதியிருப்பாய் என்று புரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறேன், எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கோபம் வந்தது. பென்சிலை எடுத்தேன்."

"அந்த ஒன்றில் மட்டுமா?"

"ஒன்றிலா? நீ ஊருக்குப் போன பிறகு பட்டறையை மூடும் வரைக்கும், என் கை பட்ட ஒவ்வொன்றிலும் எழுதினேன். பதினெட்டு வருடம்."

லோரேன் பேசிக்கொண்டே போனாள். வெண்டலுக்குக் கடைசி வரை தெரியாது என்றாள். தெரிந்திருந்தாலும் லேபிளை மாற்றியிருக்க மாட்டான், அச்சாபீஸ் முப்பது மைல் தள்ளி இருந்தது என்றாள். தன் மகளைக் கூப்பிட்டு, "ஆங்கி பேசுகிறாள், நான் சொல்வேனே" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

போனை வைத்தபோது மீனா காபி டம்ளரைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"யாரு பெரியம்மா அவங்க?"

"என்கூட வேலை பாத்தவ" என்றேன்.